மீனெண்ணெய் கொடுக்காத இரண்டு மாதம்

ஒன்றரை வயதாகியும் என் பெண் நிற்கவில்லை. மணிக்கட்டுகள் வீங்கியிருந்தன, கால்கள் வளையத் தொடங்கியிருந்தன. ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மா காலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லம்மா, சாபமும் இல்ல. எலும்புக்குச் சத்து பத்தல. குழந்தைய வெயில்லயே விடறதில்லையா?"

விட்டதில்லை. கறுத்துப் போவாள், கண் படும் என்று நான்தான் உள்ளறையிலேயே வைத்திருந்தேன். படித்தவள் நான். முதல் கோபம் என்மேல்தான்.

காலை வெயிலும் தினம் ஒரு கரண்டி மீனெண்ணெயும் வேண்டும் என்றார். புட்டியை வாங்கி வந்து கணவரிடம் காட்டினேன். அவர் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். புரிந்துகொள்வார் என்று நம்பினேன்.

"மீனா? நம்மாத்துலயா? பெருமாளுக்குப் படைச்சுக் கண்டருளப் பண்ணாத வஸ்து எதுவும் இந்தாத்துல வாய்க்குள்ள போனதில்லை."

"ஏன்னா, இது மருந்து."

"சும்னே வீணா பயப்படறே. மேல்கோட்டைக்குப் போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு வரலாம். தானா நடப்பா."

போனோம், சேவித்தோம். புட்டி கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கிடந்தது. கொடுத்தால் பாவமோ, கொடுக்காவிட்டால் பாவமோ என்று இரண்டு மாதம் குழம்பினேன். வெயிலாவது காட்டலாமென்றால் ஓயாத மழை. கால்கள் இன்னும் வளைந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் திருத்தி வைத்திருந்த பரீட்சைத் தாள்களை அடுக்கினேன். குழந்தைகளுக்கு எலும்பு வளைவது ஏன், தடுப்பது எப்படி என்று ஒரு கேள்வி. வெயிலும் சத்தும் போதாததால்; மீனெண்ணெய் கொடுக்க வேண்டும் என்று மாணவன் எழுதியிருந்தான். பக்கத்தில் அவருடைய சிவப்பு மையில் சரி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஏன்னா, இது சரியா, தப்பா?"

"சரிதான். நான் சொல்லிக் குடுத்ததுதானே."

"அப்போ நம்ம குழந்தைக்கு?"

"அது பரீட்சைக்குடி. ஆத்துல வேற."

"அவனுக்கு மார்க்கு, நம்ம பொண்ணுக்குக் கோணக்காலா? ஜுரத்துக்குக் கொய்னா முழுங்கினேளே, அதைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினேளா?"

கல்யாணமான நாளாக அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பதிலுக்கு நிற்காமல் குழந்தையோடு கொல்லைக்குப் போய், கல்லின்மேல் உட்கார்ந்து ஒரு கரண்டி புகட்டினேன். பாதியை என் புடவையில் துப்பினாள். இன்னொரு கரண்டி புகட்டினேன்.

கதவோரம் வந்து நின்றவர், "ரெண்டு பேரும் குளிச்சுட்டு உள்ள வாங்கோ" என்றார்.

"தினமும் குடுத்துட்டுக் குளிக்கறோம்" என்றேன்.

தீபாவளிக்கு அவள் சுவரைப் பிடித்து நின்றாள். இப்போது ஓடுகிறாள். இடது கால் மட்டும் சற்றுக் கோணல். அந்த இரண்டு மாதத்தில் வளைந்ததுதானா அது? டாக்டரம்மாவிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.