மனோதத்துவத்தில் நான் முதலாவதாக வந்த கதை

ஐம்பத்து நான்கோ ஐம்பத்தைந்தோ, சரியாக நினைவில்லை. பதுளையில், இந்தியாவிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை உண்டா என்ற விசாரணைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். அந்த விசாரணைக் கந்தோரில் நான் தற்காலிக மொழிபெயர்ப்பாளன். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இடையில் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

அதே வருடம், நகரத்துக் கல்லூரி ஒன்றில் வேலை பார்ப்பவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் பொது மனோதத்துவ வகுப்பு தொடங்கினார்கள். அறிமுக வகுப்புத்தான். ஒரு வருடம் படித்தால் பரீட்சை, சான்றிதழ். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. புத்தகம் என்றால் தலையணை தவிர வேறு எதற்கும் பயன்படுத்தாத கந்தோர் நண்பர்களுக்கு நடுவில் தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு உலவும் சுகத்துக்காகவே சேர்ந்தேன். மூன்றாவது வாரத்தில், பதுளையில் யாருக்கும் மனம் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். தேத்தண்ணிக்கடை முதலாளிக்குத் தாழ்வு மனப்பான்மை. பஸ் கண்டக்டருக்கு அதிகார வேட்கை. என்னை மதிக்காத கந்தோர்ப் பியோனுக்கு இரண்டும்.

விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். பதுளைக் குளிருக்குப் பயந்து மழைக்கோட்டைக் கழற்றாமலே பாடம் நடத்துவார். ஒரு நாள் விளையாட்டு மாஸ்டரிடம் இரவல் வாங்கிய ஸ்டாப் வாட்சோடு வந்து ஒரு பரிசோதனை செய்து காட்டினார். அவர் ஒரு சொல் சொல்வார். மனதில் தோன்றும் முதல் சொல்லை நாம் உடனே சொல்ல வேண்டும். தாமதித்தால், அந்த இடத்தில் மனம் எதையோ மறைக்கிறது என்று பொருள். எனக்கு அவர் சொன்ன சொற்களில் ஒன்று 'வீடு.' வகுப்பில் யாரும் அறியாத ரகசியம், நான் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில், பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பரா வரிசையில் நாலாவது காம்பராவில் பிறந்தவன் என்பது. நான் சுதாரித்துக்கொண்டு 'தோட்டம்' என்று சொல்லாமல் 'கதவு' என்று சொல்வதற்குள் நாலு செக்கன் ஓடிவிட்டது.

"நீர் என்னத்தையோ ஒளிக்கிறீர் போல கிடக்கு," என்றார் அவர். வகுப்பு சிரித்தது.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சாஸ்திரத்தின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது. என்னையே பிடித்துவிட்ட பொறியில் வேறு யார்தான் தப்ப முடியும்? பொய்யின் அடையாளங்கள் என்று ஒரு பட்டியலை நோட்டுப் புத்தகத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். கண்ணைப் பார்க்க மறுத்தல், பதிலில் தாமதம், உதட்டை நனைத்தல், கால் ஓரிடத்தில் நில்லாமை. பரீட்சைக்கு முன் ஒரு மனிதரை நேரில் அவதானித்து அறிக்கை எழுதித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் மனிதருக்காகக் காத்திருந்தேன்.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். நாற்பது வயதிருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. மனைவியும் மூன்று பிள்ளைகளும் வெளியே வராந்தாவில். பத்திரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தோட்டத்துத் துரையின் கடிதம்கூட இருந்தது. மிச்சம் ஒரே ஒரு கேள்விதான். இந்தியாவில் உனக்குக் காணி பூமி இருக்கிறதா? இருந்தால், இங்கே நிரந்தரமாக இருக்கும் எண்ணம் இல்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். இல்லையென்றால் அவரும் குடும்பமும் இந்த நாட்டு ஆட்கள். தள்ளிவிட்டால் எந்த நாட்டு ஆட்களும் இல்லை.

அவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மேசைக்கு அப்பால் லேசாகக் குனிந்து நின்றார். கேள்வியைத் தமிழில் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து செக்கன். வலது கால் பெருவிரல் இடது காலைச் சுரண்டியது.

"இல்லீங்க தொர. எல்லாம் இங்கதாங்க," என்றார் தரையிடம்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். என் மேசைமேல் கிடக்கும் புத்தகத்தைப் பல நாளாகக் கவனித்திருக்கிறார் போலும். நீதான் மனோதத்துவ நிபுணனாயிற்றே, இந்த ஆள் உண்மை சொல்கிறானா என்று பாதி வேடிக்கையாகக் கேட்டார். அது என் வேலை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு துரை என் அபிப்பிராயத்தைக் கேட்ட பூரிப்பில், எழுந்து நின்று, நான் கண்ட மூன்று அடையாளங்களையும் ஒவ்வொன்றாக, நல்ல ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். தாமதத்தைச் செக்கன் கணக்கில் சொன்னபோது அதிகாரியின் புருவம் உயர்ந்தது. எழுதிக்கொண்டார். எதிரே நின்றவர், தனக்காகத்தான் இந்தத் தம்பி இவ்வளவு நேரம் பரிந்து பேசுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

மதிய இடைவேளைக்கு வெளியே வந்தபோது குடும்பமே வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தது. அவர் முகத்தில் சந்தோஷம்.

"மரியாதைக் கொறவு ஒண்ணும் இல்லீங்களே ஐயா? ஒரு தடவகூட தொர மொகத்தப் பாக்கலீங்க. கேட்டதும் வெடுக்குன்னு பதில் சொன்னா எதிர்த்துப் பேசுற மாதிரி ஆயிரும்னு, மூச்ச விட்டு, நெதானமாத்தான் சொன்னேன்."

"ரெண்டு நாளா காம்பராவுல நின்னு பழகுனாருங்க," என்றார் மனைவி. "எங்கிட்டயும் இப்படித் தலையக் குனிஞ்சு நிதானமாப் பேசினா எம்புட்டு நல்லாருக்கும்."

பிள்ளைகள் சிரித்தன. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதில் அவர் எனக்குச் சொல்லித் தர எதுவுமே இல்லை. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிடும்போது துரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தவனுக்கு அன்று வேலை இல்லை என்பது நான் பால் குடிக்கும் வயதிலேயே அறிந்த சமாசாரம். என் அப்பா ஆயுள் முழுவதும் துரைமார்களின் சப்பாத்துகளை மட்டுமே பார்த்தவர். ஆளைச் சப்பாத்தை வைத்தே அடையாளம் சொல்வார். அந்தக் கந்தோரில் அந்தக் குனிவுக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். அதற்காகத்தானே என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

அதிகாரி இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். கதவருகே போனேன். ஐயா, காலையில் நான் உளறிவிட்டேன் என்று சொல்ல இரண்டு வாக்கியம் போதும். ஆனால் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. உளறுகிற மொழிபெயர்ப்பாளனை யார் நிரந்தரமாக்குவார்கள்? அடுத்த விண்ணப்பக்காரரை உள்ளே அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வகுப்புக்கான அறிக்கையை அந்த வாரமே எழுதினேன். வராந்தாவில் நடந்ததை விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் கட்டுரையின் கட்டுக்கோப்பு கெட்டுவிடும். விரிவுரையாளர் அதை வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினார். "அவதானிப்பு எண்டால் இப்பிடி இருக்க வேணும்," என்றார். தோட்டத்துப் பெரட்டை அவர் கண்டதில்லை; அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் முதலாவதாக வந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து அந்தக் கவ்வாத்துக்காரர் கந்தோருக்கு வந்தார், தனியாக. கையில் ஓர் ஆங்கிலக் கடிதம், தோளில் ஒரு சாக்குப் பை. பையில் போஞ்சிக்காய். லயத்துக்குப் பின்னால் அவரே போட்டதாம். அன்றைக்குத் தனக்காக நான் பேசினதற்காம். கடிதத்தை வாசித்துச் சொல்லச் சொன்னார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம், கேள்விக்குப் பதில் சொன்ன விதம் நம்பத்தக்கதாக இல்லை. என் ஆங்கிலம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. இலக்கணப் பிழைகூட இல்லை.

"நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனுங்களா?" என்று கேட்டார்.

இல்லையென்றேன். தோட்டத்துப் பழைய செக்ரோல் பேர்ப்பதிவு அகப்படவில்லையாம், அதுதான் காரணம் என்றேன். ஒரு செக்கன்கூடத் தாமதிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"அது சரிதாங்க," என்றார் அவர், என் பொய்க்கு முட்டுக்கொடுப்பதுபோல. "பழைய ஸ்டோர் எரிஞ்சப்பவே அதெல்லாம் போயிருக்கும். அப்ப நம்ம மேல குத்தமில்ல." கடிதத்தை மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "கொழும்புக்கு மேல எழுதிப் போடலாமுன்னு தோட்டத்துத் தலைவரு சொல்றாருங்க. போடலாமுங்களா ஐயா?"

போடலாம். அதற்குக் கெடு இன்னும் இருந்தது. போட்டால், இந்த அபிப்பிராயத்தை அதிகாரி எங்கிருந்து பெற்றார் என்று கேட்பார்கள். நான் சொன்னது பிழை என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"பிரயோசனம் இல்ல," என்றேன். "வீண் அலைச்சல்."

அவர் நம்பினார். ஆங்கிலம் படித்த நம்ம பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு. பையை என் மேசைக்கடியில் வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிப் போனார். போஞ்சி இரண்டு நாளைக்கு வந்தது. நன்றாகவே இருந்தது.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை அந்தத் தோட்டத்துக்குப் போகும் வேலை வந்தது. காய்ச்சல் என்று சொல்லி வேறொருவரை அனுப்பினேன். சான்றிதழ் எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கிறது. மனித மனத்தைப் பற்றி அதற்குப் பிறகு அலமாரி கொள்ளாத அளவு வாசித்துவிட்டேன். அன்று கொழும்புக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அத்தனையையும் வாசிக்காமலே நான் நிம்மதியாக இருந்திருப்பேன் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.