சகலையின் எஃப்.ஐ. வண்டி

மார்கழிக் குளிரில் என் சகலை வண்டி எடுப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்புவான். 'ஸ்ஸ்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். கட்டைவிரலால் பட்டனைத் தொடுவான். அவ்வளவுதான், வண்டி ஓட ஆரம்பித்துவிடும். சோக் இழுக்க வேண்டாம், உதைக்க வேண்டாம், சாமியைக் கூப்பிட வேண்டாம். நாலு வீடு தள்ளி நான் என் பழைய மொபெட்டை மிதிமிதியென்று மிதித்துக்கொண்டிருப்பேன். என்னைத் தாண்டும்போது ஹாரனை லேசாகத் தட்டி, "வர்றேன்ணா" என்பான். அந்த மரியாதைதான் எனக்கு எரியும். கிண்டல் பண்ணினால்கூடத் திருப்பித் திட்டலாம்.

சகலை என்றால் என் மனைவியுடைய தங்கச்சியின் புருஷன். என்னைவிட ஆறு வயது சின்னவன். ஐடிஐ முடித்தவன். திருவண்ணாமலையில் உள்ள லாட்ஜுகளுக்கு ஏசி மாட்டித் தருகிறான். நான் எட்டாவதோடு நின்றவன். நானும் மனைவியும் தோசை மாவு அரைத்து விற்கிறோம். வீடு அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம். மாவு போவது ஊருக்கு அந்தக் கடைசி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றியிருக்கிற நாலு கடைகளுக்கு. அதில் ஒரு மெஸ் அக்கா மட்டும் பாதி மாவை வாங்கிக்கொள்வார். ஆறரைக்கெல்லாம் அங்கே ஆட்கள் இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

மொபெட் அந்த மார்கழியில் இரண்டு தடவை வழியில் படுத்துவிட்டது. இரண்டாவது தடவை அக்கா கோபப்படவே இல்லை. "இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன் தம்பி. நீ தப்பா நெனைக்காத" என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அந்த அக்கா போனால் எங்கள் கிரைண்டருக்குப் பாதி வேலை இல்லை. அன்றைக்கே பழைய பைக் ஒன்று பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய வண்டி விற்கிற ஒரு கன்சல்டிங் கடையில் இரண்டு வண்டிகள் என் கைக்கு எட்டுகிற விலையில் நின்றன. இரண்டும் நூறு சிசி. ஒன்று கொரோனாவுக்கு முன்னால் வந்த கார்ப்பரேட்டர் வண்டி, ஒரே கை ஓட்டியது. இன்னொன்று அதற்குப் பிறகு வந்த எஃப்.ஐ., அதாவது சகலை வைத்திருக்கிற மாதிரி ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி, கறுப்பு நிறம். என் மொபெட்டைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் போய் எதை வாங்கலாம் என்று கேட்டேன். மறுநாளும் போய்க் கேட்டேன். மூன்றாம் நாள் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்ளோ கேட்டிருக்க மாட்ட. உனக்கு கார்ப்பரேட்டர்தான்யா. பெட்ரோலயும் காத்தயும் அது சும்மா ஒரு ஓட்டை வழியா கலக்குது. மக்கர் பண்ணுச்சுன்னா ஒரு ஸ்க்ரூடிரைவர வச்சு ரோட்லயே சரி பண்ணிடுவேன்."

"எஃப்.ஐ.?"

"அதுல கலக்கறது கம்ப்யூட்டரு. மைலேஜ் ஜாஸ்தி, குளிர்ல தொல்லை கம்மி. ஆனா போச்சுன்னா போச்சு. அத செக் பண்ற மிஷினு எங்கிட்ட கெடையாது. பேட்டரி டவுனாச்சுன்னா தள்ளி ஸ்டார்ட் பண்றதும் கஷ்டம்."

வீட்டுக்கு வந்து இரண்டையும் மனசிலேயே ஓட்டிப் பார்த்தேன். கார்ப்பரேட்டர் வண்டி குளிரில் நின்றது. எஃப்.ஐ. வண்டி பேட்டரி செத்து நின்றது. எதில் போனாலும் கடைசியில் மெஸ் அக்கா வேறு ஆளிடம் மாவு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எஃப்.ஐ. வாங்கியது மைலேஜுக்காகவும் இல்லை, குளிருக்காகவும் இல்லை. அந்த 'ஸ்ஸ்' சத்தம் என் வீட்டு வாசலிலும் கேட்க வேண்டும். அது மட்டும்தான். "மெக்கானிக் வேணாம்னு சொன்னாராமே?" என்று மனைவி கேட்டதற்கு, "அவனுக்கு ரிப்பேர் தெரியாது, அதான் வேணாங்கறான்" என்று மெக்கானிக் மேலேயே பழியைப் போட்டேன்.

கோபுரத்துக்கு எதிரே வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன். சகலையும் வந்திருந்தான். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "சூப்பர்ணா. என்னுதவிட இது புது மாடலு" என்றான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மலை உச்சியில் நிற்கிற மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே இறக்கிவிட்டான். "ஒண்ணே ஒண்ணுண்ணா. பெட்ரோல சுத்தமா தீர விடாதீங்க. பம்ப்பு டேங்க்குக்குள்ளயே இருக்கு. பெட்ரோல்லதான் அது சூடாகாம இருக்குது."

"தெரியும்பா" என்றேன். எனக்குத் தெரியாது. அவன் சொல்லாமல் இருந்திருந்தால் நூறு ரூபாய்க்குப் போட்டிருப்பேனோ என்னவோ. சொன்னதால் முன்போலவே ஐம்பது ஐம்பதாகத்தான் போட்டேன். இருபது வருஷமாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். பெட்ரோல் தீரும்போது வண்டி இருமும். குனிந்து டேங்க்குக்கு அடியில் இருக்கிற டேப்பை ரிசர்வில் திருப்புவேன். அந்த ரிசர்வில் பங்க் வரைக்கும் போய்விடலாம். எங்கள் ஊரில் பாதிப் பேர் வண்டி ஓட்டுவது ரிசர்வை நம்பித்தான்.

தை மாதப் பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காகப் பங்க் இருக்கிற ரோட்டை முந்தின நாள் சாயங்காலமே தடுப்பு வைத்து அடைத்துவிட்டார்கள். மீட்டரில் பெட்ரோல் படம் மினுக்கிக்கொண்டிருந்தது. ரிசர்வில் போய்விடலாம் என்று விடியற்காலை இரண்டு கேன் மாவோடு சந்து சந்தாகப் புகுந்து போனேன். செங்கம் ரோடு ஏறியதும் வண்டி இருமியது. என் இடது கை தானாக டேங்க்குக்கு அடியில் போனது. அங்கே டேப் இல்லை. கையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தேன். எதுவும் இல்லை. வண்டி நின்றது.

மொபெட்டில் செய்கிற இன்னொரு வேலையும் எனக்குத் தெரியும். கேன்களை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, வண்டியைத் தரையோடு படுக்கவைத்து நிமிர்த்தினேன். மூலையில் தேங்கியிருக்கும் சொட்டு பெட்ரோல் ஓடிவரும். பட்டனை அழுத்தினேன். இன்ஜின் அசையவில்லை. அந்த 'ஸ்ஸ்' சத்தமும் வரவில்லை. மீட்டரில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. கிரிவலம் முடித்து வருகிறவர்கள் கேனைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். "ஓரமா வைங்க சாமி, கால்ல படுது" என்றார் ஒருவர். மணி ஐந்தே முக்கால். மெக்கானிக்கின் போன் ஆஃப். ஆட்டோவை உள்ளே விடவில்லை.

கூப்பிடுவதற்கு ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அவன் நம்பரை எடுத்துவைத்துக்கொண்டு அழுத்தாமல் நின்றேன். அக்கா ஆர்டர் போனாலும் போகட்டும், இவனிடம் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். அதற்குள் மனைவியே போன் பண்ணிவிட்டாள். "சேந்துட்டீங்களா?" எனக்குப் பொய் வரவில்லை. "அங்கயே நில்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சகலை லுங்கியோடு தன் வண்டியில் வந்தான். "மாவ குடுங்கண்ணா" என்று கேன்களை வாங்கி வைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டான். கால் மணி நேரத்தில் எங்கிருந்தோ ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலோடு திரும்பி வந்தான். ஊற்றியதும் நான் பட்டனுக்குக் கையை நீட்டினேன். "இருங்கண்ணா" என்று சாவியை அணைத்து, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டான். 'ஸ்ஸ்.' வண்டி ஓடியது.

"சாய்ச்சீங்களாண்ணா?"

"இல்லியே."

"சாஞ்சுதுன்னா, விழுந்துட்டோம்னு நெனச்சு அதுவே ஆஃப் ஆயிடும். சாவிய ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டாப் போதும்." நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியும். டேங்க்கின் பக்கவாட்டில் மண் அப்பியிருந்தது. இரண்டாம் தடவை கேட்கவில்லை. அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வான், அதை வைத்துச் சண்டை பிடிக்கலாம் என்று வீடு வரைக்கும் காத்திருந்தேன். சொல்லவே இல்லை.

மறுநாள் மெஸ் அக்கா கேட்டார். "நேத்து மாவு கொண்டாந்த தம்பி யாரு? கேனை அடுப்பங்கரை வரைக்கும் தூக்கியாந்து வச்சாரு. நீ ஒரு நாளாச்சும் இந்த வாசப்படிய தாண்டியிருக்கியா?"

எனக்கு வயிறு எரிந்தது. வாய் முந்திக்கொண்டது. "நம்மகிட்ட வேலை செய்யற பையன்க்கா."

"அப்ப தெனமும் அவரையே அனுப்பேன்."

"அவுரு வேற லைனுக்குப் போறாருக்கா" என்று சமாளித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஏசி மாட்டப் போகிறவன், ஒரு நாள் அங்கே சாப்பிடாமலா இருப்பான்?

சாப்பிட்டான். ஒரு மாதம் கழித்து அக்காதான் சொன்னார். "உன் ஆளு வந்திருந்தாரு. மொதலாளி எப்டின்னு கேட்டேன். தங்கமானவரு, சம்பளத்த கரெக்டா குடுத்துடுவாருன்னாரு."  கேனைத் தூக்கிக்கொண்டு வாசப்படியைத் தாண்டிப் போய் அடுப்பங்கரையில் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனும் மச்சினிச்சியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். தோசையை வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தேன். எங்காவது ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று. இல்லை. மெஸ் விஷயத்தை அவன் தன் பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை, என் பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா தங்கச்சி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்து, ஒரு நாளில் முடிந்திருக்கும்.

"சட்னி இருக்காண்ணி?" என்று கேட்டான். மனைவி எழுந்திருப்பதற்குள் நானே போய்ச் சட்னியைக் கொண்டுவந்து அவன் தட்டில் ஊற்றினேன்.