எங்களுக்கு நடுவில் ஒரு சாண்

போன சனிக்கிழமை மானிப்பாயில் ஒரு கலியாண வீட்டில் என்னுடைய பழைய கமராவைக் கண்டேன்.

விற்ற வள்ளத்தை வேறொருவருடைய கரையில் கண்டிருக்கிறீர்களா? புதுப் பெயின்ற் அடித்திருப்பார்கள். பெயரையும் மாற்றியிருப்பார்கள். ஆனாலும் முன்பக்கத்து அணியத்தில் நாங்கள் வைத்த ஒட்டு எங்களுக்குத் தெரியும். அப்படித்தான் இதுவும். தோல் வார் அறுந்தபோது என் மனைவி திரேசா வலை நூலால் தைத்துத் தந்தாள். அந்தத் தையல் அப்படியே இருந்தது... செல்வத்தின் கழுத்தில்.

செல்வம் ஸ்ரூடியோ வைத்திருக்கிற தம்பி. கையில் கிடைக்கிற பிலிமைக் கொண்டு எங்கள் பகுதிக் கலியாண வீடுகளை ஒப்பேற்றுகிறவன். என்னைக் கண்டதும் சிரித்தான்.

"என்ன அண்ணை, கமராவைப் பாக்கிறியளோ என்னைப் பாக்கிறியளோ?"

"உன்னை எங்கையும் பாக்கலாம்."

அந்த நேரம் கலியாணப் பொம்பிளையின் தகப்பன் வந்து, தானும் மகளும் மட்டும் இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். அடுத்த கிழமை பிள்ளை மாப்பிள்ளையோடு கொழும்புக்குப் போகிறாள். அங்கிருந்து வெளிநாடு. இரண்டு கதிரை போட்டார்கள். மகள் இருந்தாள். தகப்பன் மற்றக் கதிரையின் விளிம்பில், முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

செல்வம் குனிந்து கமராவின் வளையத்தைத் திருப்பினான். நான் எழும்பினேன்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்துக்கு, திரும்பி வரும்போது சயிக்கிள் கரியரில் இருந்த திரேசா வீடு வந்து சேரும்வரை என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஏன் செய்தேன் என்று சொல்வதானால் போன வருசத்துக்குப் போகவேண்டும்.

இந்தப் பத்தியைக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வலை நூலும் தூண்டிலும் விற்கிறவன். கமராவைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அதிகம் தெரியாது. ஆனால் அந்தப் பழைய கமராவைத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் கொழும்பில் ஒருவரிடம் அரைப் பழசாகக் காசு கொடுத்து வேண்டியது. பற்றறி கேட்காது. இத்தனை அடி தூரம் என்று கண்ணால் மட்டுக்கட்டி, வளையத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்துப் பொத்தானை அமத்தவேண்டும். பகலில் குறை சொல்ல இடமில்லை. பொழுது பட்டால்தான் கரைச்சல். கோயிலுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ எடுத்தால் மனிசர் எல்லாம் முகம் மங்கி, உத்தரிக்கிற ஆத்துமாக்கள் மாதிரித்தான் விழுவார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. அந்த மட்டுக்கட்டல் என் ஒருவனுக்குத்தான் பிடிபட்டிருந்தது. வீட்டில் வேறு ஆர் எடுத்தாலும் தலை இருக்காது, அல்லது முகம் இருக்காது. அதனால் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் வீட்டு அல்பத்தில் நான் இல்லை. மகள் ரெஜினாவின் ஞானஸ்நானத்தில் இல்லை. முதன்முதல் நற்கருணை வாங்கின புது நன்மையில் இல்லை. கடற்கரையில் அவள் சிப்பி பொறுக்குகிற ஒரு படத்தில் மட்டும், மணலில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருக்கிறது — இரண்டு முழங்கையும் வெளியே தள்ளிக்கொண்டு. அதுதான் நான்.

போன வருசம் ரெஜினாவுக்கு ஜேர்மனியில் கலியாணம் பொருந்தியது. அதே நேரம் அங்கே இருக்கிற என் மைத்துனர், வந்த ஒருவரிடம் ஒரு கமரா கொடுத்துவிட்டார். கைக்குள் அடங்குகிற கறுத்தப் பெட்டி. தூரத்தைத் தானே அளக்கும். இருட்டு என்றால் தானே வெளிச்சம் அடிக்கும். அமத்துகிறவருக்கு அமத்துகிற வேலை மட்டும்தான்.

இனித் திரேசாவும் எடுக்கலாம். நானும் படத்தில் இருக்கலாம். எனக்கு வேறு எந்தப் புதினமும் தேவைப்படவில்லை.

ஆனால் கமரா வெறும் வயிற்றோடு வந்திருந்தது. பிலிம் இல்லை. பாதை பூட்டி, சாமான் வராமல் தடை போட்டிருந்த அந்த நேரம் எங்கள் பகுதியில் கலர் பிலிம் தேடுவது என்றால்... உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. செல்வத்திடம் ஒரே ஒரு றோல் இருந்தது. தொழிலுக்கு வைத்திருப்பதை எப்படித் தருவான்? பழைய கமராவைக் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன்.

"அண்ணை, அவசரப்படாதேங்கோ. உது கிழவனெண்டாலும் ஓடுற கிழவன்."

"புதுசு வந்திட்டுதடா தம்பி. அது இருட்டிலையும் முகத்தைக் கண்டுபிடிக்குமாம்."

"பற்றறி முடிஞ்சால்?"

"அதுக்கு ஆண்டவர் இருக்கிறார்."

பற்றறியை ஆண்டவர் தலையில் கட்டிவிட்டு, பிலிமோடு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கோயிலில் பிள்ளைகளுக்குப் புது நன்மை. கரண்ட் இல்லாத கோயில். மெழுகுதிரி வெளிச்சம். பூசை முடிய, பீடத்துக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி எடுத்தேன். தாய்மார் கேட்கக் கேட்க மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் பார்த்தால் றோலில் மிச்சம் கொஞ்சம்தான். பிளாஷ் அடிக்கத் தயார் என்று காட்ட ஒரு சின்ன விளக்கு எரியவேண்டும். அது எரிவதற்கும் முந்தியைவிட நேரம் எடுத்தது. பற்றறி களைத்துவிட்டது. போடுவதற்கு வேறு பற்றறி குடாநாடு முழுக்கத் தேடினாலும் இல்லை.

மிச்சத்தை ரெஜினா பயணப்படுகிற நாளுக்கு என்று எடுத்து வைத்தேன்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம். செபமாலை முடிந்தது. சாமிப்படத்துக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் விளக்கு எரிகிறது. எங்கள் வீட்டில் திரு இருதய ஆண்டவருடைய படம் நடுச்சுவரில் இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு கதிரை போட்டேன். ரெஜினா பச்சைச் சீலை உடுத்து வந்து இருந்தாள். நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மற்றக் கதிரையில் இருந்தேன். திரேசா கமராவைச் சூடான சட்டியைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள்.

"எனக்கு உது சரிவராதப்பா."

"சும்மா அமத்து. மற்றதெல்லாம் அது பாக்கும்."

"அம்மா, ஒரு கண்ணைப் பூட்டுங்கோ. ரெண்டையும் பூட்டாதேங்கோ," என்றாள் ரெஜினா.

திரேசா ஓட்டைக்குள்ளால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்:

"இஞ்சாருங்கோ... உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை ஆண்டவர்தான் தெரியிறார். கொஞ்சம் கிட்ட இருங்கோவன்."

ரெஜினா என் பக்கம் திரும்பினாள். அவள் கதிரையை இழுக்கவில்லை. நான் இழுப்பேனோ என்று பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கண்டேன்.

சின்ன வயதில் செபமாலை சொல்லும்போது பாதியில், மூன்றாம் காரணிக்கத்திலேயே என் தோளில் நித்திரையாகிவிடுகிற பிள்ளை. பெரியபிள்ளையான பிறகு தாயின் பக்கம் போய் இருக்கத் தொடங்கினாள். ஆரும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தானே? தகப்பன் ஒரு சாண் விலகுவான். மரியாதை என்று நினைத்துத்தான் விலகுவான். எத்தனை வருசம் விலகி இருந்தேனோ, அத்தனை வருசமும் அன்று அந்தக் கதிரையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில் நெருங்கி இருக்க வெட்கம்!

"காணும், காணும், இது போதும்," என்றேன். "ஆண்டவர் தெரிஞ்சால் நல்லதுதானே. நீ எடு."

திரேசா அமத்தினாள். வெளிச்சம் அடித்தது. இன்னொன்று எடுப்போம் என்று பார்த்தால் அந்தச் சின்ன விளக்கு எரியவில்லை. காத்திருந்தோம். எரியவேயில்லை. பற்றறி அந்த ஒரு படத்தோடு முடிந்துவிட்டது.

அடுத்த நாள் வாசலில் வைத்து ரெஜினாவின் நெற்றியில் சிலுவை போட்டேன். அவளுடைய மூச்சு என் கையில் பட்டது. அவ்வளவு கிட்ட நின்றோம். கமரா அலுமாரிக்குள் இருந்தது.

பிலிமை அவளிடமே கொடுத்துவிட்டோம். கொழும்பில் கழுவி, ஊருக்குத் திரும்புகிற ஆரிடமாவது கொடுத்துவிடச் சொன்னோம். அவள் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்து நெடுநாளைக்குப் பிறகு, எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பிலிப்பு அண்ணை வள்ளத்தில் கிளாலிக் கடல் தாண்டி வந்து, சேட்டுக்குள் இருந்து உறையை எடுத்துத் தந்தார்.

"படம் வடிவாய் வந்திருக்கெண்டு அப்பாட்டைச் சொல்லச் சொன்னவள்," என்றார்.

புது நன்மைப் பிள்ளைகளை முதலில் பார்த்தேன். என்ன சொல்ல... மெழுகுதிரி வெளிச்சத்தில் எடுத்ததா இது? கண்மடல் தெரிகிறது. ஒரு பெடியனுடைய விழுந்த பல்லின் இடம் தெரிகிறது. இப்படி முகத்தை நான் என் சீவியத்தில் எடுத்ததில்லை.

கடைசிப் படத்தை எடுத்தேன்.

திரு இருதய ஆண்டவர் அவ்வளவு தெளிவாக இருந்தார். படச்சட்டத்துக் கண்ணாடியின் மூலையில் இருக்கிற வெடிப்புக்கூடத் தெரிந்தது. அவருக்கு இந்தப் பக்கம் ஒரு பச்சைப் புகை. அந்தப் பக்கம் ஒரு வெள்ளைப் புகை.

படத்தைக் கொண்டு செல்வத்திடம் ஓடினேன். கமரா பழுதோ என்று கேட்டேன். பார்த்த உடனேயே சொல்லிவிட்டான்.

"பழுதில்லை அண்ணை. உது நடுவிலை என்ன இருக்கோ அதைத்தான் அளக்கும். உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவாலை பூந்து சுவரை அளந்திட்டுது. இதோடை வந்த புத்தகம் இருக்கே?"

இருந்தது. எனக்கு விளங்காத பாசை என்று திறந்தும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். செல்வம் ஒரு பக்கத்தைக் காட்டினான். ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவால் ஒரு ஊசி போகாது.

"பாத்தியளே? அவை உப்பிடித்தான் படத்துக்கு இருப்பினம். அவைக்கெண்டு செய்த கமரா. எங்கடை சனம் எங்கை உப்பிடி இருக்குது? கலியாணப் படத்திலையே மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் நடுவாலை சயிக்கிள் விடலாம்."

நான் சிரிக்கவேண்டும் என்றுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் படத்தைத் திரேசா எறிய விடவில்லை. ஆண்டவருடைய படத்துக்குக் கீழேயே வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் செபம் முடிய எடுத்துப் பார்ப்பாள்.

"ரெஜினா சிரிக்கிறாள், என்ன?"

"எனக்குத் தெரியேல்லை."

"கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ."

போட்டும் பார்த்தேன். கண்ணாடி படத்தைத் தெளிவாக்காது என்று இவளுக்கு எப்படிச் சொல்வது? ஆனால் இவளுக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்த ஓட்டைக்குள்ளால் பார்த்தவள் இவள்தானே. பிள்ளை சிரித்ததை இவள் கண்டிருப்பாள். நான் பக்கத்தில் இருந்தும் காணவில்லை. நான் நேரே கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வடிவாய் வந்திருக்கிறது என்று ஏன் அவள் சொல்லிவிட்டாள்? அப்பா கவலைப்படக்கூடாது என்றா? இல்லை, அதில் மாதிரி நடுவில் இடம் விட்டு இருக்கிற எங்களைத்தான் அவளுக்குப் பழக்கமா? இன்றுவரை கேட்கவில்லை. கேட்டு எழுதுகிற தைரியமும் வரவில்லை.

சரி, மானிப்பாய்க்கு வருவோம்.

செல்வம் அமத்தப் போகிறான். நான் எழும்பிப் போய் நடுவில் நின்றேன். திரேசா பின்னால் என் சேட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா," என்றேன் பொம்பிளையின் தகப்பனிடம், "பிள்ளைக்குக் கிட்ட நெருங்கி இருங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். சனமும் பார்த்தது. அவர் சொன்னார் — என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"காணும், காணும்."

நான் குனிந்து கதிரையை அவரோடு சேர்த்துத் தள்ளினேன். கல்லு நிலத்தில் கதிரைக் கால் கிறீச்சிட்டது. பந்தலுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய தோள் மகளின் தோளில் முட்டியது. முட்டினதும் அவர் விலகப் பார்த்தார். மகள் அவருடைய கையைப் பிடித்துவிட்டாள்.

செல்வம் கமராவுக்குப் பின்னால் இருந்து தலையை எடுத்தான். நான் மறந்துபோனேன் என்று நினைத்துவிட்டான் போல.

"அண்ணை, இது உங்கடை பழசு. எவ்வளவு தள்ளி இருந்தாலும் முகம் விழும்."

"கமராவுக்காகச் சொல்லேல்லையடா தம்பி," என்றேன்.