நான் அழித்த படம்

நேற்று மகன் ஒரு புது போனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். "இதோட கெமரா எவ்வளவோ மேலுங்கப்பா, மாத்திருவோமா?" படத்தில் யாராவது கண்ணை மூடியிருந்தால் அதுவே திறந்துவிடுமாம். நான் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தேன். என் முதல் டிஜிட்டல் கெமரா கிடந்தது. பற்றரி கசிந்து, உறைக்குள் ஒரு புளித்த வாடை.

அந்த வாடை என்னை வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டது. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். தோட்டப் பள்ளியில் நான் புது வாத்தியார். பிலிம் கெமரா நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கொழும்பிலிருந்து இதை வரவழைத்தேன். எடுத்த கையோடு பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம் என்பதில் தலைகால் புரியாத பெருமை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருவரையும் விடவில்லை, கோழியைக்கூட. பாதிப் படங்களில் என் விரல்தான் இருக்கும்.

அந்த நாட்களில்தான் தங்கச்சி செல்வி வீட்டு வேலைக்குக் குவைத் புறப்பட்டாள். அவளுடைய இரண்டு வயது மகள் ரம்யாவை என் மனைவி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அம்மா படியிறங்குவதைக் கண்டதும் ரம்யா கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அதையும் எடுத்தேன். ஸ்டேஷனுக்குப் போனால் கெமராவின் மெமரி கார்டு நிறைந்துவிட்டது. செல்வி ரயில் ஜன்னலில் கையசைக்கிறாள். ஒன்றை அழித்தால்தான் இன்னொன்று எடுக்கலாம். மூக்கொழுக, வாய் கோணி, கலங்கலாக விழுந்திருந்த அந்த அழுகைப் படத்தை அழித்தேன். இதைப் போய் யார் பார்க்கப்போகிறார்கள்?

மற்றவற்றை ஹட்டனில் பிரிண்ட் போட்டு அவளுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துத் தோட்டத்துக் கடை போனில் செல்வி கூப்பிட்டாள்.

"எல்லாம் வந்திச்சுண்ணே. புள்ள எல்லாத்துலயும் சிரிக்கிறா. அன்னிக்குக் கதவுகிட்ட அழுதாளே, அதக் காணோமே?"

"அது சரியா வரலம்மா. அழிச்சிட்டேன்."



"எனக்காக அவ அழுத படம் அது ஒண்ணுதாண்ணே... சரி, விடுங்க."

பிலிமாக இருந்திருந்தால் கெட்ட படமும் நல்ல படங்களோடு சேர்ந்தே கழுவி வந்திருக்கும். கடையிலிருந்து வீடு வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மூன்று வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தபோது ரம்யா என் மனைவியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். "இது யாரு அத்தே?" என்று மெல்லக் கேட்டாள். தான் கொண்டுவந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டுச் செல்வி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பிள்ளை ஒட்டிக்கொள்ளப் பல மாதம் பிடித்தது. ஒரு நாள் காலையில் செல்வி ஏதோ கடிதம் எடுக்க நுவரெலியா கிளம்பினாள். இரண்டு படி இறங்கியிருப்பாள், பின்னால் அலறல்: "அம்மா, போவாதீங்க!" செல்வி அப்படியே திரும்பி நின்றாள். நான் கெமரா எடுக்க உள்ளே ஓடினேன்.

"வேணாண்ணே," என்றாள், கண்ணைக்கூடத் துடைக்காமல். "நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அன்று அவள் பஸ் ஏறவில்லை.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துத் தனித்தனி வீடு கட்டிவிட்டார்கள். அந்தக் கார்டைத் திறக்கிற மெஷினும் எங்கேயும் இல்லையாம். செல்வி நின்ற படிகளின் மேல் தார் ரோடு போகிறது.