கூடத்தில் இரண்டு வெள்ளை

வெள்ளையடிக்கிறவர்களிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டால் சுவரைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு ஆள் வைத்து வெள்ளையடித்துப் பார்த்தவர்கள் இதைப் படிக்கும்போதே தலையாட்டுவீர்கள். ஆட்டுங்கள், எனக்கும் ஆறுதலாக இருக்கும்.

அப்போது நான் மதுரை ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. குடித்தனம் கோச்சடையில். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் கூடத்திலேயே அடுப்பு வைத்து முறுக்குச் சுட்டு விற்றவர்கள். சுவரில் சாய்ந்தால் சட்டை கறுத்துவிடும். எங்கள் மூத்த குழந்தை அந்த வீட்டில்தான் இருமி இருமி, ஒரு வயது ஆகுமுன்னே போய்விட்டது. டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னார். என் மனைவி பாக்கியம் சுவரைத்தான் காட்டினாள்.

இரண்டாவது பிரசவத்துக்கு நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் புறப்பட்டபோது, மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்தக் கரியெல்லாம் போனாத்தான் பிள்ளையத் தூக்கிட்டு வருவேன்." பெண் குழந்தை பிறந்தது. ஆனி கடைசி வெள்ளிக்கிழமை அழைத்துவருவதாக மாமனார் சொல்லி அனுப்பினார். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், அப்புறம் ஆவணிதான். குழந்தையை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஆவணி வரைக்கும் என்னால் பொறுத்திருக்க முடியாது.

மேஸ்திரி சுவர் பார்த்தார்

ஆபீஸ் நண்பர் ஒருவர் கருப்பணன் மேஸ்திரியை அனுப்பிவைத்தார். மனுஷர் வந்ததும் ஏணியை இறக்கவில்லை, சட்டியை இறக்கவில்லை. ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்து "ச்சு" கொட்டினார். அடுத்த சுவருக்கு இன்னொரு "ச்சு". துட்டி கேட்க இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை வேறு ஆட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்றே நினைத்துவிட்டேன்.

அடுப்பங்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, வியாழக்கிழமைக்கு முன்னாடியே முடித்துவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. பின்னே எதற்கு அத்தனை "ச்சு" என்று கேட்டேன்.

"அது சுவத்துக்காக இல்லைங்க ஐயா. இதுக்குள்ள நீங்க எப்படி இருந்தீகன்னு நினைச்சேன்."

வாசலில் கிடந்த ஆட்டுக்கல்

வெள்ளையடிக்க வேண்டுமென்றால் முதலில் வீட்டை வெளியே எடுத்து வைக்க வேண்டும். பெட்டி, பாய், பரணில் கிடந்த பாத்திரம், ஆட்டுக்கல், சாமி படம் எல்லாம் வாசலுக்கு வந்தன. இவ்வளவு சாமானோடு குடித்தனம் நடத்துகிறோம் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். உடைந்த குடை மட்டும் மூன்று இருந்தது. ஒன்றுகூட நான் வாங்கியதில்லை.

எதிர்வீட்டு மாயக்கா வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, நல்ல மனுஷர்கள் ஊரில் தங்குவதே இல்லை என்றாள். அக்கா, நாங்கள் காலி பண்ணவில்லை, வெள்ளையடிக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. காலால் ஆட்டுக்கல்லைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போறது போறீக, இதை எதுக்குத் தம்பி சுமந்துக்கிட்டு? எம்புட்டுக் கனம்!"

நீலம்

சுவரில் இருந்த கரியைச் சுரண்டி முடிப்பதற்குள் நான், மேஸ்திரி, வாசலில் படுத்திருந்த நாய் எல்லோரும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டோம். பிறகு சுண்ணாம்பைத் தாழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அது கொதித்து அடங்கியதும் துணியில் வடிகட்டி, மடியிலிருந்து நீலப் பொடியை எடுத்து ஒரு பிடி அள்ளிப் போட்டார். சிட்டிகை போதாதா என்று கேட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பிடி போட்டார்.

சுவர் காய்ந்ததும் பார்த்தால் எனக்கு நீலமாகத்தான் தெரிந்தது. சொன்னேன். நான் கட்டியிருந்த வேட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"வேட்டிக்கு நீலம் போட்டா வெள்ளைங்கிறீக. சுவத்துக்குப் போட்டா நீலங்கிறீக."

பாதிக் கூடம்

அடுப்பங்கரையும் அறையும் முடிந்து கூடத்தில் பாதியும் ஆனது. "நாளைக்கு வாரேன் ஐயா" என்று சொல்லிப் போனவர் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. கூடத்தில் மிச்சம் நின்ற பாதியில்தான் தொட்டில் கட்டும் விட்டம் இருந்தது. அதன் கீழே சுவர் பழையபடி கன்னங்கரேலென்று நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதறிப்போய் அந்தோணி என்று இன்னொரு மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அவர் ஏணியைச் சாத்திவிட்டு, பாதி வெள்ளையையும் பாதிக் கரியையும் பார்த்தார். ஏணியை மறுபடியும் தோளில் தூக்கிக்கொண்டார். ஒருவர் ஆரம்பித்த சுவரில் அடுத்தவர் கைவைப்பது அவர்கள் தொழிலில் வழக்கமில்லையாம். ஆரம்பித்தவர் தன் கையால் வெற்றிலை பாக்குக் கொடுத்தனுப்பினால் சரி. இல்லையென்றால் ராஜா கேட்டாலும் முடியாதாம். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

"இன்னைக்கு நான் அவர் சுவத்துல கை வச்சா, நாளைக்கு என் சுவத்துல யாரு வேணும்னாலும் கை வைப்பாங்க சார்."

ஊர் எல்லையில்

விசாரித்ததில் கருப்பணன் சமயநல்லூருக்கு அப்பால் தன் சொந்த ஊரில் இருப்பது தெரிந்தது. வேகாத வெயிலில் சைக்கிளை மிதித்தேன். போகிற வழியெல்லாம் என்ன திட்டுவது என்று அடுக்கி வைத்துக்கொண்டே போனேன். ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் கயிறு. அம்மன் பொங்கலுக்கு முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனவருக்குப் பங்காளிகள் கையைப் பிடித்துக் காப்பைக் கட்டிவிட்டார்கள். கட்டினால் திருவிழா முடியும்வரை எல்லையைத் தாண்டக்கூடாது. திருவிழா முடிவது ஞாயிற்றுக்கிழமை.

அடுக்கி வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போனதோ. "தொட்டில் கட்டுற இடம் இன்னும் கரியா இருக்கு மேஸ்திரி" என்றேன். மூத்த குழந்தையைப் பற்றியும் சொன்னேன். அவர் வீட்டுக்குள் ஓடி, வெற்றிலை பாக்கை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். அந்தோணியிடம் கொடுக்கச் சொன்னார். நான் சைக்கிளில் ஏறிய பிறகு பின்னாலிருந்து குரல் கொடுத்தார்:

"அந்தோணி நல்லா அடிப்பான் ஐயா. ஆனா நீலம் போட மனசு வராது அவனுக்கு."

வெள்ளிக்கிழமை

அந்தோணி வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏணியில் ஏறினார். கருப்பணன் விட்டுப்போன நீலப் பொடியை நான் நீட்டினேன். அவர் தொடவே இல்லை. வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. காய்ந்ததும் பார்த்தால், கூடத்தின் நடுவில் கோடு போட்டது போல ஒரு பாதி நீலம், ஒரு பாதி பால்வெள்ளை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வருவது வரட்டும் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வண்டி வந்து நின்றது. பாக்கியம் குழந்தையோடு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். மாமனார் கூடத்தை எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, ரெண்டு வீடா?" என்றார். குழந்தையைத் தன் அப்பா கையில் கொடுத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே வந்தாள். நேராகத் தொட்டில் கட்டும் இடத்துக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். கையெல்லாம் வெள்ளை. முன்பெல்லாம் அந்தக் கை கரியாகத்தான் திரும்பும். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சுண்ணாம்புத் தூசி என்று மாமனாரிடம் சொல்லிவைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நிக்கிறீகளே, போய்ப் பிள்ளைய வாங்கிட்டு வாங்க."

அன்றுமுதல் வெள்ளையடிக்க யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "உங்க ஊர்ல காப்பு என்னைக்கு?" என்பதைத்தான்.