அதுல கரண்டு இல்ல

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் கெங்கம்மாவின் வாய்க்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. மழை தூறினால் போதும், மூன்றாம் மாடி வராண்டாவில் நின்றுகொண்டு ஆரம்பித்துவிடுவாள். "டேய், கம்பத்தாண்ட போவாத! ஒயரத் தொட்ட, கைய முறிச்சிடுவேன்!" ரயில்வே ஷெட்டில் பெருக்கும் வேலை அவளுக்கு. கரண்ட் அடித்துக் கருகிய உடம்பை அங்கே கண்ணால் பார்த்தவள். அதனால் ஒயர் விஷயத்தில் அவள் சொன்னால் அந்த பிளாக்கே கேட்கும். அதுதான் பின்னால் வினையாகப் போனது.

மகள் அன்புக்கரசிக்கு வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை கிடைத்திருந்தது. முகம் தெரியாத ஜனங்களின் புகாரையெல்லாம் ஹெட்போனில் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். பேச்சு பாதியில் அறுந்தால் அவள் தலைதான் உருளும். ஒயரே வேண்டாம் என்று கெங்கம்மா பிடிவாதமாக வாங்கி வைத்த சிம் போட்ட இன்டர்நெட் பெட்டியோ, நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த அந்த வீட்டில், ஜன்னலில் வைத்தாலும் அலமாரி மேல் வைத்தாலும் செத்துச் செத்துப் பிழைத்தது. இன்னொரு தடவை லைன் போனால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒயரு இஸ்துக்கலாம்மா. வேற வழி இல்ல."

"காத்துல வர்றதே போதும். மழைல ஒயரு தொங்கினா இன்னா ஆவும்னு உனக்கு இன்னாடி தெரியும்?"

"அப்ப வேல போவட்டும். நானும் உன்கூட தொடப்பம் தூக்கினு வரேன்."

அந்தப் பேச்சு கெங்கம்மாவைச் சுருக்கென்று தைத்தது. பெண்ணைப் படிக்க வைத்தது இதற்கா?

இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வந்த பையன் அறிவு, ஒயரின் முனையைச் சீவிக் காட்டினான். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. "பாத்துக்க யக்கா. இதுல கரண்டே இல்ல. வெறும் வெளிச்சந்தான் போவும்."

சொன்னது பொய் இல்லை. ஆனால் ஒயர் தொய்யாமல் இருக்க இழைக்குப் பக்கத்திலேயே ஓர் இரும்புக் கம்பியும் ஓடுகிறது. அதை அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்த அவசரக்குடுக்கை, எதிர் பிளாக்கிலிருந்து மொட்டை மாடி வழியாக ஒயரை இழுத்து, மூலையில் கரண்ட் லைன் மேலேயே உரசும்படி கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு லைன் அறுபடவே இல்லை. மகள் முகத்தில் சிரிப்பு வந்தது. கெங்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அது கண்ணாடி ஒயரு, அதுல கரண்டு இல்ல" என்று குழாயடியில் ஆளுக்கு ஆள் பெருமையடித்தாள். மாடியில் துணிக்கொடிக்கு எப்போதுமே அடிதடி. பக்கத்து வீட்டு சொக்கம்மாள்தான் முதலில் அந்த ஒயரில் ஒரு துண்டைப் போட்டாள். கெங்கம்மா பார்த்தாள், கத்தவில்லை. அவளே கத்தாதபோது மற்றவர்களுக்கு என்ன? புடவை, போர்வை எல்லாம் ஏறின. பாரத்தில் ஒயர் தாழ்ந்து தாழ்ந்து, காற்றடிக்கும்போதெல்லாம் மூலையில் கரண்ட் லைனோடு உரசி உரசி இரண்டின் தோலும் தேய்ந்தது; துணி இழுத்த இடங்களிலும் உள்ளிருந்த இரும்புக் கம்பி வெளியே தெரிந்தது. அடிப் பாவி, ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருக்கக் கூடாதா!

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். அன்புக்கரசி சாப்பாட்டு இடைவேளையில் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். கெங்கம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொக்கம்மாள் கையைத் தேய்த்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா கெங்கம்மா, உன் ஒயரு காலைல சுர்ருனு இஸ்த்துது? எறும்பு கடிச்சா மாரி கீது."

கெங்கம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் படியில் கத்திக்கொண்டே ஏறினாள். "அன்பு! தொடாத! அந்த ஒயரத் தொடாதடி!"

தேங்கிய மழைத்தண்ணீரில் வெறுங்காலோடு நின்ற மகள், ஈரப் போர்வையை இரண்டு கையாலும் தூக்கியபடி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா நீ? நீதான சொன்ன, அதுல கரண்டு இல்லன்னு" என்று சிரித்துக்கொண்டே போர்வையை ஒயர்மேல் போட்டாள்.

ஒரு சத்தம்கூட வரவில்லை. போர்வையோடு கையும் ஒயரில் ஒட்டிக்கொண்டது. காய்ந்த கட்டையைத் தேடு, மெயினை அணை, வெறுங்கையால் மட்டும் தொட்டுவிடாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள் கெங்கம்மா. களைந்த அரிசித் தண்ணீர் சொட்டும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, மகளைக் கட்டிப்பிடிக்க ஓடினாள்.