மூன்றாவதாக இறங்கியவன்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவைப் போல ஒரு வித்தைக்காரர் உலகத்திலேயே இல்லை என்று நம்பியிருந்தேன். அவருடைய கைபேசி எந்தத் தொலைக்காட்சியையும் ரிமோட் போல அணைக்கும், போடும். கிளிநொச்சியில் ஒரு கடையில் கூட்டமாக நின்று கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு நடுவே, கடைசி ஓவரில் அதை அணைத்துவிட்டு ஒன்றும் அறியாதவர் போல முகட்டைப் பார்த்தார். கடைக்காரர் பெட்டியைத் தட்டினார், வயரை ஆட்டினார், கரண்டைத் திட்டினார். நான் வயிறு நோகச் சிரித்தேன்.

அடுத்த கிழமை பெரியம்மா காணாமல்போனோர் பற்றிய ஒரு விசாரணைக்காக வவுனியாவுக்குப் போனார். மாமாவும் நானும் துணைக்குப் போனோம். யுத்தம் முடிந்தபோது தன் ஒரே மகனைத் தன் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்தவர் அவர். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். அந்த அண்ணா திரும்பி வரவேயில்லை. அன்றும் அண்ணாவின் படத்தைக் காட்டி, பழைய கேள்விகளுக்குப் பழைய பதில்களையே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். சுவர்த் தொலைக்காட்சியில் மத்தியானச் செய்தி. மாமா கை கழுவப் போன நேரம், மேசையில் கிடந்த கைபேசியை எடுத்து, திரையில் என்ன ஓடுகிறது என்று பாராமலே அழுத்தினேன்.

திரை கறுத்தது. பெரியம்மா எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது.

“ஐயோ, போடுங்கோ தம்பி! என்ர பிள்ளை! பஸ்ஸால மூண்டாவதா இறங்கினவன்!”

கடைக்காரர் ரிமோட்டைத் தேடி ஓடினார். நான் கைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா வந்து கைபேசியைப் பறித்துத் திரையைப் போட்டபோது சவர்க்கார விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கைதிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்ததைக் காட்டினார்கள், தான் முகங்களைக் கவனிக்கவில்லை என்றார் பக்கத்து மேசைக்காரர்.

பயத்தில் அழுதேன். அண்ணாவுக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டார்.

“நீயும் கண்டனியே பிள்ளை? அண்ணாதானே?”

மாமாவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

“ஓம்” என்றேன்.

மாமா அந்தச் செய்தியை இணையத்தில் பல நாள் தேடினார். தொலைக்காட்சி நிலையத்துக்கும் எழுதினார். பதில் வரவில்லை. புறப்படுகிற அன்று என்னைத் தனியே கூப்பிட்டு, “ஒருத்தருக்கும் சொல்லாதை” என்றார். அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வரவேயில்லை.

பெரியம்மாவின் விண்ணப்பங்களில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: தங்கையின் மகளும் கண்டாள். அண்ணாவுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்த அலுவலரை வாசல் படலையிலேயே மறித்தார்.

“தங்கச்சியின்ர பிள்ளையும் கண்டவள். அந்தப் பிள்ளை பொய் சொல்லுமே?”

நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் உண்மையைச் சொல்லவில்லை. போன மாசிமாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பெரியம்மா என் கையைப் பிடித்தார்.

“அவன் வந்தா நீதான் அடையாளம் காட்டவேணும். கடைசியாக் கண்டது நாங்கள் ரெண்டுபேரும்தானே.”

அன்றைக்கும் ஓம் என்றுதான் சொன்னேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

திரையை அணைத்தது பிழை என்பது அந்தப் பத்து வயதிலேயே எனக்கு விளங்கியிருந்தது. மற்றது விளங்கவில்லை. நான் ஓம் என்றதும் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையை நிமிர்த்தி இருந்து, இன்னும் கொஞ்சம் சோறு போடச்சொல்லிக் கேட்டு, வயிறாரச் சாப்பிட்டார். செய்த பிழையைச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, நானும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன்.